எலும்போடு வருமா என்று கேளுங்கள்: பெங்களூரில் ஜமைக்கச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு போவது எப்படி

முன்பதிவு செய்யத் தொலைபேசியில் அழைத்ததும் முதலில் இதைக் கேளுங்கள்: "ஆட்டுக்கறி எலும்போடு வருமா?" ஆமாம் என்று பதில் வந்தால் அந்தச் சமையலறையை நம்பிப் போகலாம். "எலும்பெல்லாம் எடுத்துவிட்டு மெத்தென்று தருவோம்" என்று பெருமையாகச் சொன்னால் நான் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். ஜமைக்காக்காரர்களின் ஆட்டுக்கறி எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டியது. நெடுநேரம் அடுப்பில் கிடந்து எலும்பின் சாரம் குழம்பில் இறங்கினால்தான் அதற்கு அந்தப் பெயர். எலும்பு போனால் பாதி ருசி போயிற்று. தூத்துக்குடியில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அல்சூரில் பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி சுற்றுலாக் கப்பலில் சமையல்காரன். ஏழு வருடம் கரீபியன் கடலில் ஓடிய கப்பலில், ஜமைக்காக்காரர்கள் இருவரோடு ஒரே அடுப்படியில் நின்றவன். ஃபால்மத், ஓச்சோ ரியோஸ் துறைமுகங்களில் கப்பல் நிற்கும் நாட்களில் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறான். விடுப்பில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு அடுப்பில் அவன் செய்து காட்டியதும், பெங்களூரில் நான் மூன்று முறை பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டதும் சேர்ந்ததுதான் கீழே எழுதியிருப்பது. உணவகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் இப்படிப்பட்ட இடங்கள் திறப்பதும் மூடுவதும் சீக்கிரம் நடக்கிறது. பெரிய ஹோட்டல்களில் பத்து நாள் கரீபியன் உணவு விழா என்று போட்டாலும் இவை பொருந்தும்.

போவதென்றால் ஞாயிறு மதியம் போங்கள். இரவில் இந்த இடங்களில் பாதி மது அரங்கமாகிவிடும். பாட்டுச் சத்தத்தில் பெரியவர்களோடு பேச முடியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஜமைக்காவில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்றால் தேங்காய்ப்பாலில் பயறு போட்டு வேகவைத்த சோறு. உணவுப் பட்டியலில் 'ரைஸ் அண்ட் பீஸ்' என்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பட்டாணி புலாவ் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதில் போடுவது நாம் ராஜ்மா என்று வாங்கும் பயறு. கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்குப் பதில் துவரை போடுவார்கள். பெங்களூர்ச் சந்தைகளில் மார்கழியில் தோலோடு குவித்து வைத்திருக்கும் அதே பச்சைத் துவரை. அங்கே அதற்குக் கங்கோ பீஸ் என்று பெயர். டிசம்பரில் போனால் "கங்கோ போட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவரின் முகம் மலர்ந்தால் சமையலறையில் விஷயம் தெரிந்தவர் இருக்கிறார்.

வியாழக்கிழமையே அழைத்துவிடுவது நல்லது. எத்தனை பேர், பெரியவர்கள் எத்தனை பேர், சைவம் எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு அருகில் மேசை வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 'டேஸ்டிங் மெனு' என்று ஏழெட்டுச் சிறு தட்டுகளை வரிசையாகக் கொண்டுவரும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. தனியாகவோ இருவராகவோ போனால் அது சரி. குடும்பமாகப் போனால் வேண்டவே வேண்டாம். இந்தச் சாப்பாடு நடுவில் பெரிய பாத்திரத்தை வைத்து எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்வதற்காகப் பிறந்தது. ஒரு தட்டில் ஒரு துண்டு பன்றிக்கறியும் மூன்று துளி சாறும் வைத்துக் கொடுத்தால் அதன் உயிரே போய்விடுகிறது.

பட்டியல் கைக்கு வந்ததும் பெரியவர்கள் மிரண்டு போவார்கள். விலை ஒரு காரணம், பெயர்கள் இன்னொரு காரணம். போவதற்கு முன்பே வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள்: அந்தப் பெயர்களில் பாதி நம் தோட்டத்திலும் சந்தையிலும் இருப்பவை. காலலூ என்று இருப்பது முளைக்கீரை இனம். டிரினிடாடில் அதே பெயரில் சேப்பங்கிழங்கு இலையைச் சமைப்பார்கள், ஜமைக்காவில் முளைக்கீரைதான். பேமி என்பது மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து தட்டிய அடை. அந்தத் தீவில் ஐரோப்பியர் காலடி வைப்பதற்கு முன்பே வாழ்ந்த டைனோ மக்களின் உணவு அது. தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பொரித்துத் தருவார்கள். பிரெட்ஃபுரூட் என்பது சீமைப்பலா. பசிபிக் தீவான தாஹித்தியிலிருந்து கப்பலில் கன்றுகளாகக் கொண்டுவந்து 1793-இல் ஜமைக்காவில் இறக்கினார்கள், கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குச் செலவில்லாமல் சோறு போடுவதற்காக. சோச்சோ என்று இருப்பதைப் பார்த்து என் அம்மா கைதட்டினார். நம் சௌசௌதான் அது. நம் பக்கத்தில் பலரும் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று சொல்லும் காய். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஜமைக்காக்காரன் சமைக்கும் பெங்களூர்க் கத்தரிக்காயைச் சாப்பிட அறுநூறு ரூபாயா என்று அம்மா கேட்டார். கேட்ட பிறகு இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் போனதைத்தான் சொல்கிறேன். அம்மா, என் கணவர், மகள், மகன், கொழுந்தனார், சைவமான என் ஓரகத்தி, நான் என்று ஏழு பேர். அல்சூர் மெட்ரோவில் ஏறி இறங்கிப் போய்விட்டோம். அந்தப் பகுதியில் காரை நிறுத்த இடம் தேடி அரைமணி நேரம் சுற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆட்டுக்கறி ஒரு வார்ப்பிரும்புச் சட்டியில் வந்தது. அம்மா முதலில் முகர்ந்தார். பிறகு குழம்பை மட்டும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "மஞ்சள் நம்மைவிடக் கூடுதல். மல்லி இருக்கிறது. வெந்தயம் இருக்கிறது. கறிவேப்பிலை இல்லை. மிளகாய்த்தூள் இல்லை, ஆனால் உறைப்பு இருக்கிறது" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓமம் போட்டிருக்கிறார்களா?" என்றார். ஓமம் இல்லை, அது தைம் என்ற செடியின் இலை. ஆனால் அம்மாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. ஓமத்துக்கும் தைமுக்கும் வாசனை தருவது தைமால் என்ற ஒரே பொருள். நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியைக் கரீபியனில் அகன்ற இலைத் தைம் என்றே சொல்கிறார்கள் என்று பிற்பாடு தம்பி சொன்னான்.

அந்த மஞ்சள் எப்படி அங்கே போனது என்பதைச் சாப்பிடுவதற்கு முன் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஜமைக்காவில் அடிமைமுறை 1834-இல் சட்டப்படி ஒழிந்து, 1838-இல் முழுவிடுதலை வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. 1845-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி பிளண்டெல் ஹன்டர் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்து ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1917-க்குள் ஏறக்குறைய 36,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார்ப் பக்கத்தவர்கள். நம் ஆட்கள் போன தீவுகள் வேறு. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் மார்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள். அந்தத் தீவுகளில் கறிமசாலாவுக்கு இன்றும் கொலம்போ என்றுதான் பெயர். ஜமைக்காவுக்குப் போனவர்கள் கொண்டுபோன மசாலா, அங்கே இருந்த ஆப்பிரிக்க மக்களின் சட்டிக்குள் இறங்கி, தைமோடும் அங்கத்து மிளகாயோடும் கலந்து, இன்று கல்யாணம், சாவு, திருவிழா எதுவானாலும் ஆட்டுக்கறி இல்லாமல் நடக்காது என்ற நிலைக்கு வந்திருக்கிறது. என் மகன் இதைக் கேட்டுவிட்டு எலும்பை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டியில் மசாலாவை எண்ணெயில் போட்டு நிறம் மாறும்வரை வறுப்பதை அவர்கள் 'கறியை எரிப்பது' என்பார்களாம், கறி என்று அவர்கள் சொல்வது மசாலாத்தூளை. அதைச் சரியாகச் செய்யாத இடத்தில் பச்சை மஞ்சள் வாடை அடிக்கும். அப்படி அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். என் இரண்டாம் முறை, வேறோர் இடத்தில், அப்படித்தான் வந்தது. நான் சொன்னேன், அவர்கள் திரும்ப அடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இத்தனை விலை கொடுக்கும்போது வாய் மூடிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புவது சமைத்தவருக்கும் நல்லதல்ல.

ஜெர்க் என்பது இந்தச் சாப்பாட்டின் இன்னொரு தூண். கோழி அல்லது பன்றி. அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்காடுகளில் ஒளிந்து வாழ்ந்த மரூன் மக்கள், இறைச்சியில் மசாலாவைத் தேய்த்து மெல்லிய தணலில் வாட்டிய முறையிலிருந்து வந்தது. அந்த மரூன்களை வெல்ல முடியாமல் ஆங்கிலேயர்கள் 1739-இல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அவர்களின் தலைவி நானியின் முகம் இன்று ஜமைக்காவின் 500 டாலர் நோட்டில் இருக்கிறது. மசாலாவின் உயிர் ஆல்ஸ்பைஸ் என்ற காய்ந்த காய். ஜமைக்காவில் அதற்குப் பிமென்டோ என்று பெயர். மிளகு போலவே இருக்கும். ஸ்பானியர்கள் அதைப் பார்த்து மிளகென்றே எண்ணியதால் வந்த பெயர் அது. நுணுக்கினால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தாற்போல் மணக்கும். கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களில் சர்வசுகந்தி என்று இந்த மரத்தை வளர்க்கிறார்கள்.

ஜமைக்காவில் அந்த மரத்தின் விறகிலேயே வாட்டுவார்கள், அதன் புகைதான் ருசி. பெங்களூரில் அந்த விறகை எதிர்பார்க்க முடியாது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி: "கரியிலா, காஸ் அடுப்பிலா, ஓவனிலா?" கரி என்றால் வாங்குங்கள். கரித் தணலில் ஆல்ஸ்பைஸ் காய்களைத் தூவிப் புகை போடுவதாகச் சொன்னால் இரண்டாக வாங்குங்கள். ஓவனில் சுட்டு மேலே சாறு ஊற்றித் தருவது ஜெர்க் வாசனையுள்ள கோழி, அவ்வளவுதான். தோல் அங்கங்கே கருகியிருக்க வேண்டும். எலும்பருகே சதை ஈரமாக இருக்க வேண்டும். கோழி வந்தவுடன் தொடைப் பகுதியைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உறைப்பைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எச்சரிக்கப் போகிறேன். ஸ்காட்ச் பானட் என்ற மிளகாய், உருண்டையாக, மடிப்பு மடிப்பாக, மஞ்சளிலோ சிவப்பிலோ பொம்மைத் தொப்பி போல இருக்கும். பழுத்த பழத்தின் வாசனை அடிக்கும். உறைப்பை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் அது ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை போகும். குண்டூர் மிளகாய் அதற்கு முன் குழந்தை. பயறுச் சோறு வேகும்போது இந்த மிளகாயை முழுசாக, உடையாமல், மேலே மிதக்கவிடுவார்கள். வாசனை மட்டும் இறங்கும், உறைப்பு உள்ளேயே நிற்கும். பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும். சில சமையற்காரர்கள் அழகுக்காகச் சோற்றின் மேலேயே வைத்து அனுப்புகிறார்கள்.

எங்களுக்கு அப்படித்தான் வந்தது. கொழுந்தனார் அதைச் சின்னக் குடைமிளகாய் என்று நினைத்துப் பாதியைக் கடித்துவிட்டார். நான் பார்த்துக் கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று நொடி எதுவும் நடக்கவில்லை. நல்ல மணம் என்றுகூடச் சொன்னார். பிறகு காது வரை சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, விக்கல் எடுக்க ஆரம்பித்தது. மேசையில் இருந்த தண்ணீரை எல்லாம் குடித்தார். தண்ணீரால் ஒரு பயனும் இல்லை, உறைப்பைத் தரும் பொருள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பரிமாறிய இளைஞர் மணிப்பூர்க்காரர். ஓடிப்போய் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் கொண்டுவந்து, "விழுங்காதீர்கள் ஐயா, வாயில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர்கள் ஊரில் ஊமொரோக் என்று ஒரு மிளகாய் உண்டாம், இதற்கு நெருங்கிய உறவு. சின்ன வயதில் தானும் இப்படிக் கடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே கொழுந்தனாரின் முதுகைத் தடவிவிட்டார். பத்து நிமிடத்தில் அடங்கியது. அந்த இளைஞரை நான் மறக்க மாட்டேன்.

ஆகவே, சோறு வந்ததும் மேலே மிளகாய் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கரண்டியால் எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள், விரலால் தொடாதீர்கள். உட்கார்ந்ததுமே ஒரு கிண்ணம் தயிர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு காரம் வேண்டும்?" என்று கேட்பார்கள். நாம் தமிழர்கள், எவ்வளவு காரமானாலும் தாங்குவோம் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சமையற்காரர் வழக்கமாகப் போடும் அளவு போதும், மிளகாய்ச் சாறு தனியாக வரட்டும் என்று சொல்லுங்கள்.

மீனுக்கு வருகிறேன். எஸ்கோவிச் என்று இருந்தால் முழுமீன். தலையோடு பொரித்து, அதன் மேல் கேரட், வெங்காயம், சௌசௌ, மிளகாய் போட்டுக் காய்ச்சிய வினிகரைச் சூடாக ஊற்றுவது. சங்கரா மீனில் செய்தால் அருமை. எங்களுக்கு அதில்தான் வந்தது. அம்மா தலையை எடுத்துக்கொண்டார், அதில் பேச்சே இல்லை.

ஆக்கியும் உப்புமீனும் ஜமைக்காவின் தேசிய உணவு. உப்புமீன் என்பது காட் மீனின் கருவாடு. வட அட்லான்டிக் கரையிலிருந்து அடிமைகளுக்காக மலிவாக இறக்கிய சரக்கு. இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து உப்பை வடித்து, உதிர்த்துப் போடுவார்கள். கருவாட்டை வெந்நீரில் போட்டு எடுப்பதை அறிந்த எவருக்கும் இது புதிதல்ல. ஆக்கி ஒரு பழம். லிச்சியும் நம் பூந்திக்கொட்டையும் சேர்ந்த குடும்பம். மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் நஞ்சு, உயிருக்கே ஆபத்து. உள்ளே கறுப்புக் கொட்டையை ஒட்டியிருக்கும் மஞ்சள் சதை மட்டுமே உணவு. தட்டில் பார்த்தால் முட்டைப் பொரியல் என்றே தோன்றும். வாயில் வைத்தால் வெண்ணெய் போல் கரையும். இங்கே டப்பாவில் வருவதுதான் கிடைக்கும். டப்பாவானாலும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் வருத்தப்பட வேண்டாம், அந்த டப்பா எல்லாச் சமையலறைக்கும் எளிதில் வருவதில்லை.

சைவக்காரர்களை அழைத்துப் போகத் தயங்க வேண்டியதில்லை. 1930-களில் ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி மக்களில் பலர் இறைச்சி தொடுவதில்லை. அவர்களின் சமையலுக்கு ஐட்டல் என்று பெயர். பூசணி, சௌசௌ, கிழங்கு, பயறு எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலில் தைமோடு வேகவைத்த குழம்பு ஒன்று பட்டியலில் இருக்கும். ஓரகத்தி அதை முதல் வாய் வைத்ததும், "இது நம் சொதி அக்கா" என்றாள். கடுமையாகப் பின்பற்றுகிறவர்கள் உப்பும் போடமாட்டார்கள், ஆகவே உப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீரையில் கருவாடு கலப்பதும், பயறுச் சூப்பில் பன்றிவால் போடுவதும் அங்கே வழக்கம். "சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. "கீரையில் மீன் உண்டா? சோறு வேகவைத்தது எதில்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள், கோழியும் பன்றியும் ஒரே கம்பியில் வாட்டப்படுகின்றனவா என்று கேட்க வேண்டும். ஆக்ஸ்டெயில் என்பது மாட்டுவால். அதை விரும்புகிறவர்கள் என்ன இறைச்சி என்று விசாரித்து வாங்கலாம்.

ஏழு பேருக்கு நாங்கள் வாங்கியது இவ்வளவு: ஆட்டுக்கறி பெரியது ஒன்று, ஜெர்க் கோழி முழுசு, எஸ்கோவிச் மீன் ஒன்று, ஐட்டல் குழம்பு, கீரை, பயறுச் சோறு மூன்று, ஃபெஸ்டிவல் இரண்டு தட்டு. ஃபெஸ்டிவல் என்பது சோளமாவில் லேசாகச் சர்க்கரை சேர்த்து நீளமாக உருட்டிப் பொரித்தது. ஜெர்க் உறைப்புக்கு அந்த இனிப்புதான் ஜோடி. குழந்தைகள் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள், கண் வையுங்கள். முதலில் சிற்றுண்டி என்று ஐந்தாறு தட்டு வாங்கிப் பசியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டுத்தலைச் சூப் பட்டியலில் இருந்தால் அது ஒன்றுக்கு மட்டும் விலக்கு. மேனிஷ் வாட்டர் என்று பெயர். பச்சை வாழைக்காய் போட்டிருப்பார்கள்.

குடிப்பதற்குச் சோரல் கேளுங்கள். புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த பூவிதழ்க் கிண்ணங்களை இஞ்சியோடு கொதிக்கவைத்து ஆறவைத்தது. ரத்தச் சிவப்பாக, புளிப்பும் காரமுமாக இருக்கும். ரம் கலக்காமல் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், கலந்தும் கொடுப்பார்கள். ரம் பஞ்ச் குடிக்கிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு என்பது பழைய கணக்கு. பழச்சாறு போல இறங்கும். அதில் ஊற்றும் வெள்ளை ரம்மில் சில 63 சதவீத வீரியம் உள்ளவை. என் கணவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார், அதுவே போதும்.

கையால் சாப்பிடுங்கள். சுற்றிலும் கத்தியும் முள்கரண்டியும் மின்னும், மெல்லிய விளக்கு எரியும், பக்கத்து மேசையில் யாரோ கோழியைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருப்பார்கள். பொருட்படுத்த வேண்டாம். ஜெர்க் கோழியை ஜமைக்காவில் சாலையோரத்தில் காகிதத்தில் வாங்கிக் கையால்தான் பிய்த்துத் தின்கிறார்கள் என்று தம்பி சொல்வான். அம்மா முதலில் என்னைப் பார்த்தார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவரும் ஆரம்பித்தார். அரை நிமிடத்தில் மேசை முழுக்க கைதான்.

இனிப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு புட்டிங் வாங்குங்கள். பழைய நாளில் சட்டிக்கு அடியிலும் மூடியின் மேலும் தணல் போட்டு வேகவைத்தது. "மேலே நரகம், கீழே நரகம், நடுவில் அல்லேலூயா" என்று அதற்கு ஒரு வழக்கு உண்டு. ரம் கேக் என்பதில் உண்மையாகவே ரம் ஊறியிருக்கும், பெரியவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். காபியில் ப்ளூ மவுண்டன் என்று போட்டிருந்தால் முழுக்க அதுவா, கலப்பா என்று கேட்காமல் வாங்காதீர்கள், விலை அப்படி. மலபார்க் கரையிலிருந்து ஜாவா போன காபிச்செடி, ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மார்டினிக் என்று சுற்றி 1728-இல் ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. அந்த மலையில் விளைந்தது இப்போது திரும்ப இங்கே வந்து நிற்கிறது. பால் ஊற்றாமல் ஒரு கோப்பை வாங்கி நாலு பேர் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். மென்மையாக, கசப்பே இல்லாமல் இருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சிக்கரி இல்லாத காபி அவருக்குக் காபி அல்ல.

பில்லை வரிவரியாகப் படியுங்கள். தனி உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள பெரிய ஹோட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம். சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் தானாகச் சேர்த்திருந்தால் அது கட்டாயமில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஓரிடத்தில் என் பில்லில் அது இருந்தது. நீக்கச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே நீக்கினார்கள். பிறந்தநாளன்று எங்களுக்கு 14,200 ரூபாய் ஆயிற்று. தயிர் கொண்டு ஓடிவந்த அந்த இளைஞர் கையில் நேரடியாக ஐந்நூறு கொடுத்தேன். அது அவருக்குப் போய்ச் சேரும் என்ற நிச்சயத்தோடு கொடுக்க வேண்டியது.

மீந்ததைக் கட்டித் தரச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஆட்டுக்கறிக் குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும். அடுப்பில் சின்னத் தீயில் வைத்துச் சூடாக்கி, தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். அன்றைக்கே அம்மா பால்கனியில் போய்க் கற்பூரவல்லித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு ஆட்டுக்கறியில் அதன் இரண்டு இலை விழுந்தது. குழம்பு கொதிக்கும்போதே தம்பிக்கு வீடியோ அழைப்பு போட்டுச் சட்டியைக் காட்டினார். அவன் கப்பல் அப்போது கோசுமெல் துறையில் நின்றிருந்தது. பின்னால் இருந்த ஜமைக்காக்கார நண்பரும் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். "இன்னும் ஒரு இலை போடச் சொல்கிறான் அம்மா" என்றான் தம்பி. அம்மா போட்டார்.